கன்னம் உப்பாமல்

பொறுப்புப் பட்டியலில் என் பெயருக்கு நேரே
‘பேண்ட்’ என்றிருந்தது.
போன வருடம் அதே கட்டத்தில் ‘பூப்பந்து’.
‘டிரம்பெட் ஊதுவீர்கள்தானே?’ என்றார் தலைமையாசிரியர்.
ஊதினேன், பதினேழு வயதில், சிகாமட்டில்,
ஒரே ஒரு வருடம்.
‘அப்புறம் என்ன டீச்சர், எல்லாமே ஊதுகிறதுதானே!’

எல்லாமே ஊதுகிறதுதான்.

ஸ்டோரில் ஏழு கிளாரினெட்டுகள்.
ஒன்றின் பெட்டிக்குள் கரப்பான் முட்டை.
பிள்ளைகள் பதினொரு பேர்.
ரீட் ஒன்று எட்டு வெள்ளி.
பேனாவால் பெயரெழுதிக் கொடுத்தேன்,
உடைந்தால் மறைக்கக்கூடாது என்று.

செரம்பானில் இரண்டு நாள் பயிற்சி.
முதல் நாள் முழுக்கப் படிவங்கள்.
மறுநாள் சோற்றுக்குப் பிறகு
கிளாரினெட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
‘கீழுதட்டைப் பல்மேல் மடி.
மேல்பல் கட்டையில் படட்டும்.’
என் நோட்டில் இவ்வளவுதான்.
அதற்குக் கீழே காப்பிக் கறை.

மீதியை என் டிரம்பெட்டிலிருந்து எடுத்து நிரப்பினேன்.
கன்னத்தில் காற்றைச் சேர்த்து வையுங்கள் என்றேன்.
(டிரம்பெட்டுக்கும் அது தப்பு.
சிகாமட்டில் எனக்கு யாரும் சொல்லவில்லை.)
புதன்கிழமை மூன்று மணி வெயிலில்
இருபத்திரண்டு கன்னங்கள்
எண்ணெயில் விழுந்த பூரியாய் எழும்பின.

கீச்.
பயந்து ரீட்டைக் கடித்தார்கள்.
கடித்ததும் இன்னொரு கீச்.
வேலிக்கு வெளியே, ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லாரிகள்
ஹாரன் அடித்துப் பதில் சொல்லும்.
யுகேந்திரனின் அப்பா ஓட்டும் லாரி மட்டும்
ஹாரன் அடிக்காமல், மெதுவாகப் போகும்.

சுதந்திர தினத்தன்று பகாவ் கடைத்தெருவில்
ஐந்தே சுரங்களை வைத்து ஒரு நடை வாசித்தோம்.
கீச் அநேகமாக இல்லை.
என் பயிற்சி என்று நினைத்துக்கொண்டேன்.
இடது கட்டைவிரலுக்கு மேலே ஒரு சாவி இருக்கும்.
அதைத் தொடவே கூடாது என்பது என் கட்டளை.
உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாத அறையை
பதினொரு பேருக்கும் பூட்டி வைத்திருந்தேன்.

நவம்பரில் படிவம் வந்தது.
மாணவர் தயார்நிலை, ஐந்துக்கு எத்தனை?
நான்கு போட்டேன். அடக்கத்துக்காக ஒன்று குறைத்து.

டிசம்பர் லீவில்
கரப்பான் பெட்டியைத் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
குளியலறைக் கண்ணாடி முன் நின்று ஊதினேன்.
கணவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.
கண்ணாடியில் ஒரு தவளை.
இடக்கன்னத்தைத் தோளோடு அழுத்திப் பார்த்தேன்:
மடங்கிக் கிடந்த ரப்பர் குழாயை
யாரோ நிமிர்த்திவிட்ட மாதிரி
சத்தம் நேராக ஓடியது.
மூன்றாம் இரவு அந்தச் சாவியைத் தொட்டேன்.
விரல் எதையும் மாற்றவில்லை,
ஒலி மட்டும் மேல்மாடியில் போய் நின்றது.
தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து சிரித்தேன்.
அப்புறம் மாதங்களை எண்ணினேன்.
பத்து.

ஜனவரி, முதல் புதன்.
‘நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்,
முதலிலிருந்து ஆரம்பிப்போம்’ என்றேன்.
யாரும் ஆச்சரியப்படவில்லை.
யுகேந்திரன் காலணியைப் பார்த்தான்.
வாய் கிட் இருமினான், அல்லது சிரித்தான்.
நூர் இஸ்ஸாதான் கடைசியில் எழுந்தாள்:
‘கோபப்படக்கூடாது, டீச்சர்.’
வாயில் வைத்தாள்.
மோவாய் தட்டையாக, கன்னம் இஸ்திரி போட்டதுபோல.
கட்டைவிரல் லேசாகச் சாய்ந்ததும்
மேல்மாடி, கீழ்மாடி, மறுபடி மேல்மாடி.

எப்போதிருந்து?
நோன்புக்கு முந்தியே, டீச்சர்.
வாய் கிட் அவனுடைய அக்காவின் போனில் பார்த்தான்.
கேண்டீன் பின்னால் எல்லாருக்கும் காட்டினான்.
அப்படியென்றால் என் முன்னால்?

‘நீங்க எங்க வரிசைப் பக்கம் வரும்போது மட்டும்
உப்பிக்குவோம்.’

சரி, வாசியுங்கள் என்றேன்.
வேறென்ன சொல்ல.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
வரிசையோரம் நடந்தேன், எப்போதும் போல.
என்னைக் கண்டதும் யுகேந்திரனின் கன்னம்
பழக்கத்தில் கொஞ்சம் எழும்பி,
நினைவு வந்து,
இறங்கியது.